வடகுடியார் மாலை போட்டிருந்த அறுபது நாள்

அரசலாற்றுப் படித்துறையை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் குதிரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக்கூரை, ஒரு விளக்கு மாடம், பின்னால் வாழைத்தோப்பு, அவ்வளவுதான். அதிலிருந்த சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. முன்பு நெல் மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். அவருக்குச் சீடர் பாத்திரக்கடை நாகலிங்கம், வயது அறுபத்தொன்று.

குருவைவிடச் சீடனுக்குப் பத்தொன்பது வயது கூட என்பதில் ஊருக்கு ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும். மனைவி இறந்த வருஷம் ஆறு மாதம் தூக்கமில்லாமல் அலைந்த மனுஷன் நாகலிங்கம். ஒருநாள் படித்துறையில் சாமி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாமி ஒன்றும் பேசவில்லை. இவர் அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டார். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று காலை மடத்துக்கு வந்துவிடுவார்.

நாகலிங்கத்துக்கு உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் சாமி. இன்னொருவர் நாகஸ்வரம் வடகுடி அமிர்தகடேசன்.

வடகுடியாரைப் பற்றிக் கேட்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். கேட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கல்யாண வீட்டில் அவர் பைரவி ராகத்தை எடுத்தால் பந்தியில் உட்கார்ந்தவன் கை இலையிலேயே நின்றுவிடும். சாம்பார் வாளியோடு வருகிறவன் அப்படியே நிற்பான், ‘ஊத்துய்யா’ என்று கேட்க ஆள் இருக்காது. ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பார் பாருங்கள், நமக்கு மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது. அப்பேர்ப்பட்ட வித்வான் நம் காலத்தில் நம் ஊர்ப் பக்கத்திலேயே பிறந்தது நாம் செய்த புண்ணியம் என்று நாகலிங்கம் சொல்வார். அது உண்மைதான், நானும் சொல்வேன்.

குடிதான் சனியன்.

இந்த இடத்தில் நாகலிங்கத்தின் பங்கு ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். நாகஸ்வரத்தின் வாய்முனையில் சீவாளி என்று ஒரு நாணல் துண்டு செருகியிருப்பார்கள். அதை வாயில் வைத்து ஈரப்படுத்தினால்தான் வாத்தியம் பேசும். பத்து வருஷத்துக்கு முன்னால் வடகுடியார் ரசிகர் மன்றத்து ஆண்டுவிழாவில், மன்றத் தலைவர் என்ற முறையில் நாகலிங்கம் மேடையேறினார். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரு வார்த்தை விட்டார். “சீவாளியும் நனையணும், ஊதுறவரும் நனையணும், அப்பத்தான் அது வடகுடியார் பைரவி” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வடகுடியாரும் சிரித்தார். அன்றையிலிருந்து தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அந்த வார்த்தை வாய்க்கு வாய் நடந்தது.

போன மாசி மாதம் வடகுடியார் ரத்தமாக வாந்தி எடுத்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு தடவை குடித்தால் என்னிடம் தூக்கி வராதீர்கள், நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

மன்றத்தில் அழுகை, ஆலோசனை, சண்டை எல்லாம் நடந்தது. ஒருத்தர் பாட்டிலை ஒளிக்கலாம் என்றார். ஒருத்தர் கூடவே ஆள் போடலாம் என்றார். எல்லாம் முன்பே செய்து பார்த்ததுதான். அப்போது வடகுடியார் மனைவி செண்பகவல்லி, மன்றத்துப் படியேறி வராதவர், அன்றைக்கு நேரே நாகலிங்கத்தின் கடைக்கு வந்தார். குத்துவிளக்கு வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னார்:

“உங்களுக்கு அவர் வாசிப்பு வேணும். எனக்கு அவர் வேணும். ரெண்டும் ஒரே உடம்புலதான் இருக்கு, பார்த்துக்குங்க.”

நாகலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை படித்துறைக்குப் போனார்.

நம் பக்கத்தில் குடியை விட வைக்கக் கையில் கயிறு கட்டுகிற வழக்கம் உண்டு. முனியப்பன் கோயில்களில் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவன் முனியப்பனுக்குப் பயந்து கொஞ்ச நாளாவது தொடமாட்டான். வடகுடியாருக்கு ஏற்கெனவே மூன்று கோயில் கயிறு கட்டியாகிவிட்டது. மூன்றும் போன இடம் தெரியவில்லை. சாமி கையால் கட்டினால் நிற்கும் என்று நாகலிங்கத்துக்கு ஒரு நம்பிக்கை. பத்து நாளில் ஊரில் சித்திரைத் திருவிழா, ஐந்தாம் திருநாள் வடகுடியார் கச்சேரி, அதற்குள் கட்டிவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

சாமி வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“எனக்கு ராகம் தெரியாது, கடைக்காரரே. மில்லுல வேலை பார்த்த காது. அவர் வாசிப்பு அப்படி என்ன பெருசு? சொல்லுங்க, கேப்போம்.”

கரும்பு தின்னக் கூலி கேட்பாரா நாகலிங்கம்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஆலங்குடிக் கல்யாணத்தைச் சொன்னார். அன்று மாப்பிள்ளை அழைப்புக்கு வடகுடியார் வந்த கோலம் இருக்கிறதே, கால் தரையில் பாவவில்லை. முழு பாட்டிலும் உள்ளே. இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள். பெண்ணின் தகப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டார். நாகஸ்வரம் வாய்க்குப் போனதோ இல்லையோ, மனுஷன் நிமிர்ந்தார் பாருங்கள். பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் அரை பர்லாங் போக இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஒருத்தனும் நகரவில்லை.

சாமி அடுத்த இலையை அறுத்தார். “அப்புறம்?”

அப்புறம் திருவாரூர்ப் பக்கத்துக் கும்பாபிஷேகம். அங்கே சோடா என்று சொல்லி எதையோ குடித்துவிட்டு, மேடையில் தவில்காரரோடு சண்டை. நாலு பேர் சமாதானம் பண்ணி உட்கார வைத்தார்கள். அந்தக் கோபத்தில் ஒரு சாவேரி வந்தது. சண்டை போட்ட தவில்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். 

“அப்புறம்?”

“எல்லாத்துக்கும் சிகரம் தை அஞ்சுதான் சாமி. இரண்டு வருஷம் ஆச்சு. வாத்தியத்துல இப்படி ஒண்ணு உண்டான்னு இன்னைக்கும் பேசுறாங்க. அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாரு. கார்த்திகை மார்கழி ரெண்டு மாசமும் ஒரு சொட்டுக் கிடையாது. ஜோதி பார்த்துட்டு வந்து மாலையைக் கழட்டினாரு. நம்ம மன்றத்துல தை அஞ்சாந்தேதி கச்சேரி. அறுபது நாள் காஞ்ச மனுஷன். அன்னைக்குச் சரக்கு உள்ள போனதும் ஆத்துல உடைப்பெடுத்த மாதிரி...”

சாமியின் அரிவாள் நின்றது.

“அந்த அறுபது நாள் எப்படி வாசிச்சாரு?”

நாகலிங்கம் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

மார்கழியில் மலைக்குப் போகிறவரை ஊர்க் கோயிலில் விடியற்காலை வடகுடியார்தான் வாசித்தார். அது தெரியும். நாலு கச்சேரியும் இருந்தது. மன்றத்தில் யாரும் போகவில்லை. ‘அண்ணன் மாலை போட்டிருக்கார், இப்பப் போய் என்ன கேக்கிறது, தை பிறக்கட்டும்’ என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். அதை முதலில் சொன்னது யார் என்று யோசித்தால், அதுவும் நாகலிங்கம்தான்.

“தெரியாது சாமி. நான் போகலை.”

“தை அஞ்சாந்தேதி பாட்டில் வாங்கினது யாரு?”

“நான் வாங்கலை சாமி. நான் தொடுறதே இல்லை.” பிறகு அவரே சொன்னார்: “தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட வச்சிருந்தாங்க. மேல ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. பார்த்தேன்.”

சாமி அறுத்த இலைகளை அடுக்கினார். நாளைக்குக் காலையில் அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வடகுடியார் வந்தார். நாற்பத்தாறு வயசுக்கு அறுபது சொல்லலாம். காலையில் இன்னும் குடிக்காததால் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அதை வேட்டி மடிப்பில் வைத்து மறைத்தார். ஆனால் அந்தக் கண்ணில் குறும்பு போகவில்லை.

“சாமி, உங்களைப் பார்த்தா நல்லவரா இருக்கீங்க. எனக்குக் கயிறு கட்டின மூணு சாமியும் பேர் கெட்டுக் கிடக்குது. நீங்க எதுக்கு இதுல விழுறீங்க?”

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிறகு, நாகலிங்கத்திடம் கேட்டதையே இவரிடமும் கேட்டார். மாலை போட்டிருந்த அறுபது நாள் எப்படி வாசித்தீர்கள்?

வடகுடியார் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

முதல் பத்து நாள் நாராசம் என்றார். மூச்சு நிற்கவில்லை, விரல் சொன்ன இடத்தில் விழவில்லை. சுருதிக்கு ஒத்து ஊதுகிறவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது நாளில் கொஞ்சம் தெளிந்தது. மார்கழி பதினெட்டாம் தேதி காலையில், பனியில், பௌளி ராகம் வாசித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று தன் வாசிப்பு தன் காதில் விழுந்தது என்றார்.

“நாப்பது வருஷமா ஊதுறேன் சாமி. அன்னைக்குத்தான் முதல்ல கேட்டேன். அட, இது நல்லா இருக்கேன்னு நானே நினைச்சேன்.” நாகலிங்கத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “யாராச்சும் கேட்டாங்களான்னு நிமிர்ந்து பார்த்தேன். பூக்கட்டுற அம்மா ஒண்ணு இருந்துச்சு. அதுக்குக் காது கேக்காது.”

நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

“இவங்களைக் குத்தம் சொல்லலை. என்னைத் தலையில வச்சு ஆடினவங்க. ஆனா ஒண்ணு புரிஞ்சுபோச்சு. இவங்க என்னைக் கேக்க வரலை, அந்த இன்னொருத்தனைக் கேக்க வர்றாங்க. சரிதான்னு தை மாசம் அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.”

நாகலிங்கத்துக்கு எழுந்து வடகுடியார் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. விழுந்தால் அதுவும் ஒரு கூத்தாகப் போய்விடும் என்று பயந்து உட்கார்ந்தே இருந்தார்.

சாமி எழுந்து தோப்புக்குள் போய் ஒரு வாழைநாரைக் கிழித்து வந்தார். சும்மா முறுக்கி, வடகுடியாரின் வலது மணிக்கட்டில் கட்டினார். மந்திரம் ஒன்றும் இல்லை. சூடம்கூடக் கொளுத்தவில்லை.

வடகுடியார் அதை இழுத்துப் பார்த்தார். “இது நாலு நாள் தாங்குமா சாமி?”

“தாங்காது. அறுந்தா வாங்க, இன்னொண்ணு கட்டலாம். தோப்பு நிறைய நார் கிடக்கு.”

இப்படிக் கயிறு கட்டி யாரும் பார்த்ததில்லை. வடகுடியார் மறுபடி இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை நார் தானாக அறுந்ததற்காக. இன்னொரு தடவை ஏன் வந்தார் என்று சாமி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, கண் மட்டும் சிவந்திருந்தது. கட்டிக்கொண்டு போனார். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் செண்பகவல்லி வேளாவேளைக்குக் கொடுத்தார். அதற்குப்பிறகு ஏழு நாள் தொடவில்லை.

ஐந்தாம் திருநாள் வந்தது.

கோயில் வாசலில் பந்தல். சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜமக்காளம் நிறைந்து, வீதியில் நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்த வடகுடியாரைக் கேட்க நாலு ஊர் வண்டி கட்டி வந்திருந்தது. முன்வரிசை நடுவில் நாகலிங்கம். வடகுடியார் மேடையேறியதும் எழுந்த கைத்தட்டலில் பந்தல் மூங்கில் ஆடியது.

சீவாளியை நனைத்தார். எடுத்தார். முதல் ஸ்வரமே பிசிறு தட்டியது.

சரி, போகப்போகச் சரியாகும் என்று நினைத்தார்கள். ஆகவில்லை. பைரவி என்று தெரிந்தது, ஆனால் அது வேறு யாரோ படிக்கிற பையன் வாசிக்கிற பைரவி. மேலே போகும்போது மூச்சு அறுந்தது. விரல் நடுங்குவது முன்வரிசைக்குத் தெரிந்தது. தவில்காரர் பாவம், இடத்தை நிரப்பி நிரப்பி வாசித்தார். அரைமணி ஆனபோது பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். ராட்டினம் சுற்றுகிற பக்கம் போனார்கள். “ஆள் காஞ்சு கிடக்காருப்பா” என்று ஒரு குரல் நன்றாகவே கேட்டது. மேடையிலும் கேட்டிருக்கும்.

வடகுடியார் நிறுத்தவில்லை. வியர்த்துக் கொட்டியது. சீவாளியை மாற்றினார். மறுபடி அதே இடத்தில் ஆரம்பித்தார். மறுபடி அறுந்தது. மறுபடி ஆரம்பித்தார்.

தன் பிள்ளை சபையில் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது நாகலிங்கத்துக்கு. அப்போது மன்றச் செயலாளர் தனுஷ்கோடி, பக்கத்தில் குனிந்து ஒரு சோடா பாட்டிலைக் கையில் திணித்தார். அது சோடா இல்லை என்று வாசனையிலேயே தெரிந்தது.

“அண்ணே, ஒரே ஒரு மடக்கு. மருந்து மாதிரி. நீங்க குடுத்தா வாங்கிக்குவாரு. இல்லைன்னா இன்னையோட மனுஷன் பேர் போச்சு. நீங்கதானே சொன்னீங்க, ஊதுறவரும் நனையணும்னு.”

நாகலிங்கம் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தார். மேடைப் படி நாலடி தூரம். அங்கே போகவும் முடியவில்லை, திரும்பி உட்காரவும் முடியவில்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. செண்பகவல்லி சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு மடக்கில் அந்தப் பழைய பைரவி வந்துவிடும் என்பதும் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் அதைக் கேட்டுப் பழகிய காது அது, அதற்காக ஏங்கியது. வெட்கமாகத்தான் இருந்தது. என்ன செய்ய?

பந்தலுக்கு வெளியே தேர் நிற்கிற இடத்தில், படிக்கல்லில் சாமி உட்கார்ந்திருந்தார். கையில் வறுத்த கடலைப் பொட்டலம். நாகலிங்கம் ஓடிப்போய் அவர் முன் நின்றார்.

“சாமி, ஒண்ணும் சரியில்லை. ஊர் சிரிக்குது. கூட்டம் கலையுது. மனுஷனைப் பார்க்கச் சகிக்கலை. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். துண்டுக்குள் இருந்த கையையும் பார்த்தார்.

“நல்லா இல்லையா?”

“இல்லை சாமி.”

“எவ்வளவு நேரமா?”

“முக்கால் மணி நேரமா.”

“அவர் எழுந்து போயிட்டாரா?”

நாகலிங்கம் திரும்பிப் பார்த்தார். பந்தலுக்குள்ளிருந்து அந்தப் பைரவி, மூச்சுத் திணறி, அறுந்து, அறுந்த இடத்திலேயே மறுபடி தொடங்கி, வந்துகொண்டிருந்தது.

“இல்லை சாமி. வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு.”

“அப்ப நீங்க ஏன் எழுந்து வந்தீங்க?”